நான்காவது திருகு

"உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க," என்று அவள் சொல்லி முடித்ததும், ஹெட்செட்டின் இடது காதில் அதையே இன்னொரு முறை யாரோ சொன்னார்கள். அவள் குரல்தான். ஆனால் அவள் சொன்னபோது வாய் மட்டும்தான் சொன்னது. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது, கை கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த குரலுக்கோ அந்தச் சிரமம் உண்மையிலேயே புரிந்திருந்தது.

எதிரொலியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். மதிய வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்ததில் அறை முழுக்கக் காவி வெளிச்சம் தேங்கி நின்றது. இரண்டு லேப்டாப்களின் சூடும், காதுப் பஞ்சில் ஊறிய வியர்வை வாடையும், அடுத்த அறையிலிருந்து கதவிடுக்கு வழியாக வரும் தைல நெடியும் சேர்ந்து, அந்த நேரத்தில் எப்போதும் வரும் தலைவலியை மெல்லக் கிளப்பிவிட்டிருந்தன. போனில் இருந்த பெண்மணி தன் வாஷிங் மெஷின் சமையலறை வரைக்கும் தண்ணீர் விட்ட கதையை மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். "பரவால்லங்க, நிதானமா சொல்லுங்க," என்றாள் அவள்.

"பரவால்லங்க, நிதானமா சொல்லுங்க," என்றது காதில், இன்னும் கொஞ்சம் அன்பாக.

வேலை என்னவோ ஒன்றுதான். ஆனால் அவள் மேசையைப் பார்த்தால் கடை போட்டிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் லேப்டாப் ஒன்று. அந்த நிறுவனத்தை வேலைக்கு வைத்திருக்கும் வாஷிங் மெஷின் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களோடு தன் லேப்டாப்பில்தான் பேச வேண்டும் என்று கொடுத்தது இன்னொன்று. மூன்றாவது, அவளுடைய சொந்த போன். நான்காவது ஒரு பழைய போன். அது அடுத்த அறையில் அப்பாவின் தலைமாட்டில் இருக்கும் இன்னொரு பழைய போனோடு காலையிலிருந்து மாலை வரை அழைப்பிலேயே கிடக்கும். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. யாராவது முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கினால்தான் உட்காருவார். இருமல் வந்து மூச்சு முட்டினால் அவளுக்குத் தெரிய வேண்டும். இருந்த இடத்திலிருந்தே "இதோ வரேம்பா" என்று அவள் சொன்னால் அவருக்குக் கேட்க வேண்டும். அதற்காகச் செய்த ஏற்பாடு.

இருப்பது ஒரு தலை, இரண்டு காது. ஒவ்வொன்றுக்கும் ஹெட்செட்டை மாற்றி மாற்றிச் செருகி அலுத்துப்போய், எல்லாவற்றையும் சேர்க்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினாள். உள்ளே நான்கு ஒயர் போகும், வெளியே ஒரு ஹெட்செட் வரும், மேலே நான்கு திருகுகள். எது கேட்க வேண்டுமோ அதைக் கூட்டலாம், வேண்டாததைக் குறைக்கலாம். சந்தைக்கடை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். வாடிக்கையாளர் பேசும்போது நான்காவது திருகை அடியோடு குறைத்துவிடுவாள். அப்பா மூக்கை உறிஞ்சுவது, கட்டில் கம்பியை மோதிரத்தால் தட்டுவது, "பாப்பா, பாப்பா" என்று நாற்பது வயதுக்காரியைக் கூப்பிடுவது எதுவும் காதில் விழாது. பேச்சு முடிந்ததும் திருகைக் கூட்டுவாள். சில நாள் கூட்ட மறந்துவிடுவாள். சில நாள், மறந்ததாக நினைத்துக்கொள்வாள்.

எதிரொலி நிற்காமல் போகவே, நிறுவனத்தின் கம்ப்யூட்டர்க்காரரைக் கூப்பிட்டாள். முகம் பார்த்திராத, பொறுமையான மனிதர். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கினால் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு என்றார். பிடுங்கினாள். நான்காவதில் நின்றது.

அது வீட்டுக்குள்ளேயே பேசுவதற்கு வைத்த போன், அதன் திருகைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன், அங்கிருந்து எப்படிச் சத்தம் வரும் என்று கேட்டாள்.

"மேடம், அந்தத் திருகு உங்க காதுக்கு மட்டும்தான். உங்க மைக் நாலு பக்கமும் போயிட்டேதான் இருக்கும்."

"அடியோட குறைச்சு வச்சாலுமா?"

"உங்களுக்குக் கேக்கலன்னா அவங்களுக்கும் கேக்காதுன்னு இல்லையே மேடம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். காது மடல் இரண்டும் கொதித்தன.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இது அவளே கடைக்குப் போய் வாங்கி, அவளே ஒயர் செருகி வைத்த காது. போன வாரம் அக்கா பேசினாள். வேறு ஊரில், பிள்ளைகள் படிப்பு, கணவன் வேலை என்று ஆயிரம் நியாயங்களோடு இருக்கும் அக்கா. அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று அவள் சொன்னதும் இவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. எழுந்து அறைக் கதவைச் சாத்தி, நான்காவது திருகைக் குறைத்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னாள்: "தினம் அந்த நாத்தத்துல முழிக்கிறது நீ இல்லக்கா. அவர் போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு விடிவு. அவருக்கும் அதான் நல்லது."

அப்பாவின் தலைமாட்டில், காதுக்கு ஒரு சாண் தூரத்தில், ஸ்பீக்கரில்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதையாவது கோபத்தில் சொன்னது என்று தள்ளலாம். மற்றதை எங்கே கொண்டு போய் ஒளிப்பது? எவனோ முகம் தெரியாத ஒருவனிடம் "எவ்வளவு நேரமானாலும் கேக்குறேங்க" என்று தேன் ஒழுகப் பேசிவிட்டு, மறு நிமிடமே அப்பாவின் அறைக்குள் போய், "என்னப்பா இப்ப? இப்பதானே வந்துட்டுப் போனேன்?" என்று அவள் வெடுக்கென்று எரிந்து விழுந்த ஒவ்வொரு நாளும், அந்த இரண்டு குரலையும் அவர் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட மெல்லத் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

எப்படியாவது பேசிவிடுவது என்று எழுந்து போனாள். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. குளித்து முடித்த குழந்தைக்கு வருமே, அந்த மாதிரி.

"அதுக்குள்ள மறுபடி வந்துட்டியா பாப்பா? இப்பதானே அவ்வளவு நேரம் பேசிட்டுப் போனே."

காலையில் உடம்பு துடைத்துவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

"நீ பேசினதுல மனசு லேசாயிடுச்சு," என்றார். இடது கையால் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

என்ன பேசினேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், வேறு என்னவெல்லாம் கேட்டீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் கத்தவா முடியும்? "சரிப்பா," என்று மட்டும் சொன்னாள். போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து நான்காவது ஒயரைச் செருகினாள். அவர் இருமினால் கேட்க வேண்டுமே என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அழைப்புகள் குறைந்த நேரத்தில், நான்காவது திருகை மயிரிழை மயிரிழையாகக் கூட்டினாள். முதலில் இரைச்சல். அப்புறம் மின்விசிறியின் கடகடப்பு, கட்டில் முனகல், அப்பாவின் மூச்சு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு. அப்புறம் அப்பாவின் குரல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்துக் கதை. காற்றடித்த அன்று கம்பி அறுந்து, பாரம் நடுவானில் ஊசலாடிய கதை. அவள் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து கேட்டது. இப்போதெல்லாம் அவர் "அன்னிக்கு ஒரு நாள்" என்று தொடங்கினாலே, "தெரியும்பா, சொல்லிட்டீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"அப்புறம் என்னாச்சுப்பா?" என்றது அவள் குரல்.

அவள் உதடுகள் மூடியிருந்தன. சந்தேகத்துக்கு விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா மேலே சொன்னார். குரல் 'ம்' கொட்டியது, பயப்பட வேண்டிய இடத்தில் பயந்தது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. அவள் தன் சிரிப்பைக் கேட்டே வெகு காலமாகியிருந்தது. கதை முடிந்தது. பிறகு குரல் தழைந்து வந்தது.

"அன்னிக்கு அக்காகிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. களைப்புல வந்துடுச்சு. மன்னிச்சிருங்கப்பா."

அப்பா அழுகிற சத்தம் கேட்டது. அம்மா போன அன்றும் அழாத மனிதர். "விடு பாப்பா, நீ தனியா எவ்வளவுதான் சுமப்பே," என்றார்.

அவள் இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பயம்தான், பயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. தான் கேட்க வேண்டிய மன்னிப்பை இன்னொன்று கேட்டுவிட்டது, இனி அதைக் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை நினைத்ததும் கூசிப்போனாள். கூசினாளே தவிர, எழுந்து போகவில்லை.

மாலை தண்ணீர் கொண்டு போனபோது அப்பா கண்ணை மூடிச் சிரித்தபடி படுத்திருந்தார். தலைமாட்டில் போன் மட்டும் வெளிச்சமாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண் திறந்தவரின் சிரிப்பு, அவளைப் பார்த்ததும் மரியாதையாகச் சுருங்கியது.

"அங்க வச்சிடுங்க," என்றார்.

அப்பா என்றைக்கு அவளுக்கு 'ங்க' போட்டிருக்கிறார்? மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் காறித் துப்புவார்கள். பயந்து நடுங்கியவள் ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். அவளோ விட்டுவைத்தாள். அப்பா கூப்பிடுவது குறைந்துவிட்டது. கட்டில் கம்பியைத் தட்டுவது நின்றுவிட்டது. அவள் சாப்பாடு வைத்தாள், துணி மாற்றினாள், உடம்பைத் துடைத்தாள். பேச்சை மட்டும் அது பார்த்துக்கொண்டது. ஒரு வேலை குறைந்தது என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். நினைத்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடியைப் பார்க்காமல் முகம் கழுவினாள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பது சும்மாவா? நேரம் தவறாமையால் டீம் முழுக்கக் 'கடிகாரம்' என்று பெயர் வாங்கியிருந்த மேலாளர், ஒரு கோபக்கார வாடிக்கையாளரை அவள் சமாதானப்படுத்திய அழகை எல்லோரும் கேட்கட்டும் என்று கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். அந்த வாடிக்கையாளரோடு அவள் பேசியதே இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். "தேங்க்ஸ்," என்றாள். அக்கா கூப்பிட்டு, நேற்று நீ பேசியதைக் கேட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது, இந்த மாதிரி நாம் பேசி எத்தனை வருஷமாயிற்று என்றாள். "ஆமாக்கா," என்றாள். இல்லை, அது நானில்லை என்று எப்படிச் சொல்வது? பிறகு எது நான் என்று கேட்பார்களே. அந்த நல்ல பெயரை ஒவ்வொரு முறையும் கைநீட்டி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் பேசும்போது மட்டும் வாடிக்கையாளர்கள், "சத்தமா பேசுங்க, கேக்கல," என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீர் குடித்தாள். கடைக்காரரிடம் பால் பாக்கெட்டை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

ஒரு மாலை. வேலை முடிந்து இரண்டு லேப்டாப்பையும் மூடிவிட்டாள். திரைக்கு வெளியே வெயில் சாய்ந்து, காவி வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம், மேல் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம், அடுத்த அறையில் மெல்லிய பேச்சுச் சத்தம். கழற்றப் போன ஹெட்செட்டை அப்படியே விட்டு, நான்காவது திருகைக் கூட்டினாள். இதுவும் பழக்கமாகிவிட்டிருந்தது. சில சமயம் அவளுக்கும் அந்தக் குரலைக் கேட்க ஆசையாக இருக்கும்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்," என்றார் அப்பா. "தினமும் வந்து சாப்பாடு வச்சிட்டுப் போறாங்களே, அந்தம்மா யாரு?"

அவள் விரல் திருகின் மேலேயே நின்றது.

"வேலைக்கு வச்ச ஆளுப்பா," என்றது குரல்.

"முகத்துல சிரிப்பே இல்ல. திருப்பிப் படுக்க வைக்கிறப்போ கை முரட்டுக் கையா இருக்கு. ஒரு வார்த்தை பேசறதில்ல."

"அப்ப வேண்டாம்பா. நிறுத்திடலாம்."

"பாவம், மனசு நோகாம சொல்லு," என்றார்.

"இன்னைக்கே சொல்லிடறேம்பா."

நான்காவது ஒயரைப் பிடுங்கினாள். குரல் நிற்கவில்லை. மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. பெட்டி வெறும் பெட்டியாக மேசையில் கிடந்தது. காதில் குரல் அப்பாவுக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஹெட்செட்டைக் கழற்றி வீசினாள். இப்போது சுவர் வழியாகக் கேட்டது. மூடிய லேப்டாப்பிலிருந்து லேசாகக் கேட்டது. சுடிதார்ப் பையில் இருந்த சொந்த போனிலிருந்து, துணிக்குள்ளிருந்து, தொடையோடு ஒட்டிக் கேட்டது.

ஓடினாள். அறையிலிருந்து அறைக்கு எவ்வளவு தூரம்? அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். நான்தான் அப்படிச் சொன்னேன். நான்தான் திருகைக் குறைத்தேன். எரிந்து விழுந்ததும் நான்தான், துடைத்துவிட்டதும் நான்தான். அந்த முரட்டுக் கை என் கை. என்னைத் திட்டுங்கள். உங்கள் மகள் என்று சொல்லித் திட்டுங்கள்.

கதவு திறந்திருந்தது.

தைல நெடி. இருட்டத் தொடங்கிய அறை. போன் வெளிச்சம்.

அப்பா உட்கார்ந்திருந்தார்.

தலையணை கீழே கிடந்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆனால் விழுந்துபோன வலது பக்கமாகச் சாய்ந்து, விழாமல் உட்கார்ந்திருந்தார். தலை சரிந்து, ஒரு தோள் உயரத்தில் நின்றிருந்தது. நரைமுடி அந்தப் பக்கம் மட்டும் எதிலோ படிந்து நசுங்கியிருந்தது. அவருக்கு அருகில் படுக்கை, ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது.

"அப்பா," என்றாள்.

தொண்டை அசைந்தது. உதடு பிரிந்தது. சத்தம் அவளிடமிருந்து வரவில்லை. அந்தக் குழியிலிருந்து வந்தது.

"அப்பா."

"என்ன பாப்பா," என்றார், அந்தப் பக்கம் திரும்பி.

அவள் கத்தினாள். நான்தான் என்று கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் தெறிக்க. மின்விசிறி கடகடத்தது.

நிழலைப் பார்த்திருக்க வேண்டும். அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"யாரு பாப்பா அங்க நிக்கிறது?"

"யாரும் இல்லப்பா."

அப்பா தலையாட்டினார். மறுபடியும் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். அவருடைய இடது தோளில் சட்டைத் துணி நான்கு இடத்தில் மெல்ல அழுந்தியது. விட்டது. மறுபடி அழுந்தியது. தூங்க வைப்பதற்குத் தட்டிக் கொடுக்கிற வேகத்தில் அந்த நான்கு பள்ளங்களும் அழுந்தி அழுந்தி எழுந்துகொண்டிருந்தன.